கிடைத்த வேலையா, உரிமமா, வேறு நகரமா? கனடாவுக்கு வந்திறங்கும் தொழில்வல்லுநர் குடும்பத்துக்கு ஓர் ஒப்பீடு

நிரந்தர வதிவிட உரிமையுடன் ரொறன்ரோவில் வந்திறங்கும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் தாதியரும் முதல் மாதத்திலேயே கேட்பது ஒரே கேள்விதான்: கிடைத்த வேலையை உடனே பிடிப்பதா, படித்த துறையில் வேலை அமையும்வரை பொறுத்திருப்பதா? வாசகர்கள் பலர் இதையே கேட்டு எழுதுகிறார்கள். பெரும்பாலும் கணவர்தான் எழுதுகிறார். தம் படிப்பையும் அனுபவத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டு, மனைவியும் ஊரில் தாதியாகவோ ஆசிரியையாகவோ இருந்தவர் என்பதைக் கடைசி வரியில் சேர்க்கிறார். அந்தக் கடைசி வரிதான் பல வீடுகளில் முடிவை மாற்றவேண்டிய வரி என்பது என் கருத்து.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் கட்டடப் பொறியியலாளர்; மனைவி பதிவுபெற்ற தாதி; பிள்ளைகளுக்கு நான்கும் எட்டும் வயது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற திறனாளர் குடிவரவு முறை வழியாக வந்து, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் குடியேறியிருக்கிறார்கள்.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பது. நால்வர் கொண்ட குடும்பம் காட்டவேண்டிய குடியமர்வு நிதியைக் கனடிய அரசு 2025 ஜூலையில் 28,362 டொலராக நிர்ணயித்தது. வந்ததும் முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகைக்கான முற்பணம், கட்டில், மெத்தை, குளிருடுப்பு, சப்பாத்து என்று 6,500 டொலர் போகும் என வைத்தால், மிஞ்சுவது ஏறத்தாழ 21,900. இரண்டு அறைகள் உள்ள பேஸ்மென்ட் (நிலக்கீழ்த் தளம்) வாடகை 2,000 டொலரை ஒட்டி இருக்க, சாப்பாடு, தொலைபேசி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதச் செலவு 4,000 என்று கொள்வோம். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான கணக்கில் கனடாப் பிள்ளைகள் நலக்கொடுப்பனவு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டொலரும், மூத்த பிள்ளைக்கு 6,748 டொலரும் ஆகும். இரண்டும் சேர்ந்தால் மாதத்துக்கு 1,228. ஆகவே யாரும் வேலைக்குப் போகாவிட்டால் கையிருப்பிலிருந்து மாதம் 2,770 டொலர் கரையும். எட்டு மாதத்தில் பணம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது அளவுகோல், வேலையும் பயணமும் போக வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பது. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. படித்த தொழிலை இங்கே செய்ய அனுமதிக்கும் உரிமத்துக்கான விண்ணப்பம், தேர்வுக்கான படிப்பு, நேர்முகத்துக்கான ஆயத்தம் எல்லாம் இந்த மிச்ச நேரத்தில்தான் நடக்கவேண்டும். நேரம் இல்லாவிட்டால், பணமும் தகுதியும் இருந்தும் ஒன்றும் நகராது.

மூன்றாவது, தொழிலிலிருந்து விலகி நிற்கும் இடைவெளி. குறிப்பாகச் சுகாதாரத் துறையில் அண்மைக்கால அனுபவம் கேட்கப்படுவதால், ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் ஊரில் உழைத்துச் சேர்த்த தகுதியைத் தேய்க்கிறது. நான்காவது, அந்த வழி என்ன ஆவணத்தை விட்டுச்செல்கிறது என்பது: சம்பளச் சீட்டு, வரிக்கணிப்பு அறிவித்தல், பரிந்துரைக்கும் மேலாளர். ஐந்தாவது, தவறாகப் போனால் திரும்ப முடியுமா என்பது.

## கிடைத்த வேலை, முழு நேரமாக

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் அடிப்படைச் சம்பளம் 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் 3,050. பிடிப்புகள் போகக் கைக்கு வருவது 2,500 அளவில் இருக்கும். நம் குடும்பத்தின் மாதப் பற்றாக்குறை ஏறத்தாழ அடைபட்டுவிடும், மனமும் ஓரளவு அமைதியடையும். கடனுடன் வந்தவர்களுக்கும், ஊரில் பெற்றோருக்குப் பணம் அனுப்பியே ஆகவேண்டியவர்களுக்கும், கையிருப்பு மூன்று மாதத்துக்கும் காணாதவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. இந்த வேலையில் எந்த இழிவும் இல்லை; ஸ்காபரோவில் சொந்த வீடு வாங்கிய எங்கள் முந்திய தலைமுறையில் பெரும்பாலானோர் இந்த வழியில்தான் நடந்தார்கள்.

மறைந்திருக்கும் விலை நேரத்தில் இருக்கிறது. ஏஜென்சி மூலம் மிசிசாகாவில் ஒரு வேர்ஹவுசில் இரவு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேலை உண்டா என்ற குறுஞ்செய்தி மாலையில்தான் வரும். இரும்பு முனைச் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று பேருந்துகள் மாறிப் போய், இரவு முழுக்கக் கையில் ஸ்கேனருடன் அட்டைப்பெட்டிகளின் பின்னால் நடந்து, விடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகிறார்கள். பகல் தூக்கத்தில் போகிறது. ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் பாதை 2023 ஜூலையில் தடம்புரண்டு அத்தோடு மூடப்பட்ட பிறகு, அப்பகுதியில் பலருடைய பயணம் பேருந்தையே நம்பியிருக்கிறது. 2024 பெப்ரவரி முதல் ரொறன்ரோ நகரப் போக்குவரத்தான ரி.ரி.சி.யும் புறநகர்ச் சேவையான கோ போக்குவரத்தும் ஒரே கட்டணத்தில் இணைக்கப்பட்டதால் பணம் மிச்சமாகிறது, நேரம் மிச்சமாவதில்லை.

கையில் காசாகத் தரும் வேலையைப் பற்றி ஒரு சொல். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் வேலையின்மைக் காப்புறுதிக்கு மணி சேராது, ஓய்வூதியத் திட்டத்துக்குப் பங்களிப்புச் சேராது, அடுத்த வீட்டுக்கு வருமானம் காட்ட முடியாது. மணிக்கு இரண்டு டொலர் கூடக் கிடைத்தாலும் அந்த வேலை மலிவானதன்று. தற்காலிக ஊழியர் ஏஜென்சிகள் 2024 ஜூலை முதல் ஒன்ராறியோவில் உரிமம் பெற்றே இயங்கவேண்டும். பெயரைக் கொடுப்பதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.

## பாதி வேலை, பாதி உரிமம்

இரண்டாவது வழியின் கணக்கைப் பாருங்கள். வாரம் 24 மணி நேரம் அதே சம்பளத்தில் வேலை செய்தால் கைக்கு வருவது மாதம் 1,650 டொலர் அளவு. கையிருப்பிலிருந்து கரைவது 1,120 ஆகக் குறைகிறது. எட்டு மாதம் தாங்கிய பணம் 19 மாதம் தாங்குகிறது. முழு நேர வேலையோடு ஒப்பிட்டால் மாதம் 850 டொலர் நட்டம். ஆனால் அந்த 850 டொலருக்கு மாதம் ஏறத்தாழ 70 மணி நேரம் படிப்பதற்குக் கிடைக்கிறது. புதிதாக வந்தவர் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பயன் தருவதை நான் அறியேன்.

சட்டமும் சில வாசல்களைத் திறந்திருக்கிறது. ஒன்ராறியோவில் பொறியியல் உரிமத்துக்குத் தேவையான 48 மாத அனுபவத்தில் 12 மாதம் கனடாவில் பெற்றதாக இருக்கவேண்டும் என்ற விதி 2023 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் முதல், சுகாதாரம் சாராத, உரிமம் கட்டாயமான (ஒழுங்குபடுத்தப்பட்ட) தொழில்களில் கனடிய அனுபவத்தை நிபந்தனையாக்குவதற்குப் பொதுவான தடை வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரங்களில் கனடிய அனுபவம் கேட்கக்கூடாது என்ற விதி 2026 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்திலிருந்து ஒரு வரி மறைந்துவிட்டதால் ஆட்சேர்ப்பவரின் மனத்திலிருந்தும் அது மறைந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். ஆனால் உரிமத்துக்கான பாதை உண்மையாகவே சுருங்கியிருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் வந்த உறவினரின் அனுபவத்தை வைத்து இன்றைய முடிவை எடுப்பது சரியன்று.

இந்த வழியின் மறைச்செலவு கட்டணங்கள்: விண்ணப்பம், தேர்வு, சான்றிதழ்களை அனுப்பும் செலவு, சிலருக்கு விதிக்கப்படும் கூடுதல் தொழில்நுட்பத் தேர்வுகள், ஆங்கிலத் தேர்வு. கல்கரியில் 2005இல் தொடங்கிய விண்ட்மில் மைக்ரோலெண்டிங் என்ற தொண்டு நிறுவனம், குடிவந்த தொழில்வல்லுநர்கள் உரிமம் பெறுவதற்கென்றே குறைந்த வட்டியில் கடன் தருகிறது. கனடாவில் கடன் வரலாறு இன்னும் உருவாகாதவர் கடனட்டையில் இந்தச் செலவுகளைப் போட்டு வட்டி கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். வெளிநாட்டில் படித்தவர்களை இங்குள்ள உரிமத்துக்கும் வேலைக்கும் தயார்படுத்தும் ஒன்ராறியோ அரசின் பிரிட்ஜிங் பயிற்சிகளில் சேர்வோருக்கு 5,000 டொலர் வரையான உதவித்தொகையும் உண்டு.

முடிவுத் திகதி வைக்காவிட்டால் இந்த வழி குலைந்துவிடும். மேலாளர் கூடுதல் மணி நேரம் தருவார். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவேண்டியிருக்கும். 24 மணி 32 ஆகும், பிறகு 44 ஆகும். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் விண்ணப்பப் படிவம் பாதியில் நிற்கும். உரிமத்தின் ஒவ்வொரு படிக்கும் திகதி குறித்து, அதை வீட்டில் எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டிவைப்பவர்களுக்கே இது பொருந்தும்.

## துறையின் கீழ்ப்படியில் ஏறுவது

பொறியியலாளர் வரைபடத் தொழில்நுட்பராகவும், கணக்காளர் கொடுப்பனவு எழுதுநராகவும், தாதி முதியோர் இல்லத்தில் தனிநபர் பராமரிப்பாளராகவும் சேர்வது மூன்றாவது வழி. வேர்ஹவுசைவிடச் சம்பளம் சற்றே கூடும்; முக்கியமாக, துறைக்குள் இருக்கும் மேலாளர் ஒருவரின் பரிந்துரை கிடைக்கும். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஃபிலிப் ஒரியோபொலஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயருள்ளவர்களுக்கு ஆங்கிலப் பெயருள்ளவர்களைவிடக் குறைந்த அழைப்புகளே வந்தன. ஆனால் வெளிநாட்டு அனுபவத்தோடு கனடிய அனுபவமும் சேர்ந்தபோது அழைப்புகள் குறிப்பிடத்தக்க அளவு கூடின. அநீதியான நிலைதான். அதை எதிர்த்துப் பேசும்போதே, துறைக்குள் கிடைக்கும் ஒரு சிறு வேலைக்கு அந்தச் சந்தையில் என்ன மதிப்பு என்பதையும் புதியவர் அறிந்திருக்கவேண்டும்.

இந்த வேலைகள் ஏஜென்சிச் சுவரொட்டிகளில் இருப்பதில்லை. ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும். புதிதாக வந்தவருக்குத் தெரியாததும் அதுவே. 2003இல் தொடங்கிய, ரொறன்ரோ வட்டாரக் குடிவரவாளர் வேலைவாய்ப்பு அமைப்பான ரி.ஆர்.ஐ.ஈ.சி. நடத்தும் வழிகாட்டித் திட்டம், அதே தொழிலில் இங்கே வேலை செய்யும் ஒருவருடன் புதியவரை இணைத்துவிடுகிறது, கட்டணமில்லை. உறவினர் வட்டத்தில் துறை சார்ந்த ஒருவரும் இல்லாதவர்கள் முதல் மாதத்திலேயே இதற்கு விண்ணப்பிக்கவேண்டும்.

இதன் ஆபத்து, கீழ்ப்படியிலேயே நிலைத்துவிடுவது. தொழில்நுட்பராகச் சேர்ந்த பொறியியலாளரை நிறுவனம் தொழில்நுட்பராகவே பார்க்கப் பழகிவிடும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்காவிட்டால் நிறுவனத்தை மாற்றுவதே நல்லது.

## வேறு மாகாணம், சிறிய நகரம்

எங்கள் சமூகத்தில் மிகக் குறைவாக மதிக்கப்படும் வழி இது. வருவதற்கு முன்னரே ஸ்காபரோவிலிருந்து சித்தி, “எங்கட பேஸ்மென்ட் சும்மாதானே கிடக்கு, நேரா இஞ்ச வாங்கோ பிள்ளை” என்று தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். அத்தோடு நகரம் முடிவாகிவிடுகிறது. அந்த அன்பையும், முதல் குளிர்காலத்தில் அருகில் ஒரு தமிழ்க் கடையும் கோயிலும் இருப்பதன் ஆறுதலையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் படம் வேறு.

வின்னிபெக், ரெஜைனா போன்ற நகரங்களில் வாடகை ரொறன்ரோவைவிடக் கணிசமாகக் குறைவு. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை; ஒன்ராறியோவில் 13 விழுக்காடு கட்டும் பொருளுக்கு அங்கே 5 விழுக்காடுதான். மனிற்றோபாவிலும் சஸ்காச்சுவானிலும் அடிப்படை வாகனக் காப்புறுதியை அரச நிறுவனமே நடத்துவதால், புதிய ஓட்டுநருக்கு ரொறன்ரோவில் கேட்கப்படும் தொகை அங்கே கேட்கப்படுவதில்லை. மறுபக்கத்தில், இந்த நகரங்களில் கார் இல்லாமல் வாழ்வது கடினம். அல்பேர்ட்டாவின் அடிப்படைச் சம்பளம் 2018 முதல் 15 டொலரிலேயே நிற்கிறது. கல்கரியிலும் ஹலிஃபாக்சிலும் அண்மை ஆண்டுகளில் வாடகை வேகமாக ஏறியிருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் போனவர் சொல்லும் வாடகையை நம்பிப் புறப்படக்கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். 2017இல் நடைமுறைக்கு வந்த கனடியச் சுதந்திர வணிக உடன்படிக்கையின்படி, ஒரு மாகாணத்தில் உரிமம் பெற்ற தொழில்வல்லுநரை மற்ற மாகாணங்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெரிய கூடுதல் பயிற்சியோ தேர்வோ இல்லாமல் ஏற்கவேண்டும். உரிமம் எங்கே விரைவாகவும் மலிவாகவும் கிடைக்கிறதோ அங்கே பெற்றுக்கொண்டு பிறகு ரொறன்ரோவுக்கு வரலாம் என்பதே இதன் பொருள். நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் தாதியருக்கு உரிமம் தரும் ஒழுங்கமைப்பு 2023 மார்ச்சில் இந்தியா, பிலிப்பைன்ஸ் உட்பட ஏழு நாடுகளின் தாதியருக்கு விரைவு வழியைத் திறந்தது. தாதியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஆவணங்களுக்காகக் காத்திருந்த நீண்ட காலம் சுருங்கிவிட்டது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. இலங்கையில் பதிவுபெற்ற தாதியருக்கு இந்த வாசல் பொருந்தாது.

மாகாண நியமனத்தில், அதாவது ஒரு மாகாணம் தெரிவுசெய்து நியமித்ததால், வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நிரந்தர வதிவாளர் எந்த மாகாணத்துக்கும் நகர்ந்து வாழும் உரிமையை உரிமைகள் சாசனத்தின் ஆறாம் பிரிவு தருகிறது. ஆனாலும் விண்ணப்பத்தில் அந்த மாகாணத்தில் வாழும் எண்ணத்தை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, விமான நிலையத்திலிருந்தே வேறு மாகாணத்துக்குப் போவது பிற்காலத்தில் கேள்விக்கு இடமாகலாம்.

## மீண்டும் கல்லூரி

கல்லூரிச் சான்றிதழ் வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது தேவைக்கு மேல் பரிந்துரைக்கப்படுகிறது. நிரந்தர வதிவாளர் உள்நாட்டுக் கட்டணமே செலுத்துவார், மாகாண மாணவர் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் முழு நேரப் படிப்பில் இருக்கும்போது வருமானம் குறைகிறது, கடன் ஏறுகிறது. முடிவில் கிடைக்கும் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கும் பட்டத்துக்குக் கீழேயே நிற்கிறது. சம்பளத்துடன் தொழிற்பயிற்சித் தவணை உள்ள படிப்பானால் நிலை வேறு. அந்தத் தவணை மூன்றாம் வழிக்கே கொண்டுசெல்கிறது. ஊரில் செய்த தொழிலை விட்டு வேறு துறைக்கு மாற மனதார விரும்புகிறவருக்கும் கல்லூரி சரியான முடிவுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | கையிருப்பு | மிச்ச நேரம் | மறைச்செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| முழு நேரக் கிடைத்த வேலை | ஏறத்தாழக் கரையாது | மிகக் குறைவு | தொழில் இடைவெளி, உடல் அயர்வு | கடன் உள்ளவர், மூன்று மாதப் பணமும் இல்லாதவர் |
| பாதி வேலை, பாதி உரிமம் | 19 மாதம் | போதியது | தேர்வுக் கட்டணங்கள் | ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிலில் உள்ளவர் |
| துறையின் கீழ்ப்படி | ஏறத்தாழக் கரையாது | நடுத்தரம் | அங்கேயே தேங்குவது | உரிமம் தேவையில்லாத அல்லது பரிந்துரை முக்கியமான துறை |
| வேறு மாகாணம் | கார் வாங்கிய பின் நீடிக்கும் | பயணம் குறைவதால் கூடும் | கார், தனிமை, இடமாற்றம் | உரிமம் அங்கே விரைவாகக் கிடைக்கும் தொழில் |
| கல்லூரி | கடனில் ஓடும் | படிப்பிலேயே போகும் | மாணவர் கடன் | துறை மாற விரும்புபவர் |

## யாருடைய உரிமம் முதலில்?

நம் மாதிரிக் குடும்பத்துக்குத் திரும்புவோம். இருவரும் ஒரே வழியில் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழக்கமாக நடப்பது இதுதான்: கணவர் பொறியியல் வேலை தேடுகிறார், மனைவி ஒரு கோப்பிக் கடையிலோ தொழிற்சாலையிலோ உழைத்து வீட்டைத் தாங்குகிறார், அவருடைய தாதிப் பதிவு “பிறகு பார்க்கலாம்” என்று தள்ளப்படுகிறது. கணக்கும் காலமும் இதற்கு நேர் எதிராகப் பேசுகின்றன. ஒன்ராறியோ மருத்துவமனையில் பதிவுபெற்ற தாதியின் தொடக்கச் சம்பளம் மணிக்கு 40 டொலரை ஒட்டியது. ஆளுக்குத் தட்டுப்பாடு உண்டு. மேற்பார்வையில் பணியாற்றித் தகுதியை நிறைவுசெய்யும் திட்டத்தை மாகாணம் 2022இல் தொடங்கியது. அவருடைய அனுபவம் பழையதாகிவிட்டால் இழப்பும் பெரிது. பொறியியலாளரின் அனுபவமும் தேய்வதுண்டு. ஆனால் உரிமம் இல்லாமலே, உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், துறைக்குள் வேலை செய்ய அவருக்கு வழி இருக்கிறது. மேற்சொன்ன திட்டம் நீங்கலாகத் தாதிக்கு அந்த வழி இல்லை.

ஆகவே முதல் ஆண்டில் மனைவி வேலைக்குப் போகாமலோ, வாரம் இரண்டு நாள் பராமரிப்பாளராக மட்டும் பணியாற்றியோ தேர்வுக்குப் படிக்கட்டும். கணவர் முழு நேரமாகக் கிடைத்த வேலையைச் செய்யட்டும், இயன்றால் துறையின் கீழ்ப்படியில். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒன்ராறியோவில் முழு நாள் பாலர் வகுப்புக் கட்டணமின்றிக் கிடைப்பதால் பகலில் படிக்க நேரமும் அமையும். மனைவியின் சம்பளம் தொடங்கிய பிறகு கணவர் பாதி நேரத்துக்கு மாறித் தம் உரிமத்தை முடிக்கலாம். மாமனாரும் மச்சானும் என்ன சொல்வார்கள் என்ற தயக்கத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிய வீடுகளில், பத்தாண்டு கழித்தும் தாதிப் பட்டம் அலுமாரியில் இருப்பதைக் கண்டு எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது. இந்தியாவில் பதிவுபெற்றவரானால், விரைவு வழி உள்ள நோவா ஸ்கோஷியாவின் ஹலிஃபாக்சையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கவேண்டும். இலங்கையில் பதிவுபெற்றவரானால் ஒன்ராறியோவிலேயே தொடங்குவது எளிது.

எந்த வழியைத் தெரிந்தாலும் வாடகை ஒப்பந்தத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் கேட்கக்கூடிய முற்பணம் கடைசி மாத வாடகை மட்டுமே. ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியிருப்பாக்கப்பட்ட பகுதிகளுக்கு வாடகை உயர்வுக் கட்டுப்பாடு இல்லை. அண்மையில் பிரித்துக் கட்டிய பேஸ்மென்டுக்கும் இது பொருந்தும் என்பதால், 19 மாதக் கணக்கு ஓர் ஆண்டிலேயே குலைந்துவிடக்கூடும். வீடு பார்க்கும்போதே அந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் விமானம் ஏறாதவர்களுக்கு: குடிவரவுக்காகச் செய்த கல்விச் சான்று மதிப்பீடு உரிமம் ஆகாது, பல ஒழுங்கமைப்புகள் மதிப்பெண் பட்டியலையும் பதிவுச் சான்றையும் பல்கலைக்கழகத்திடமிருந்தும் தாதியர் பேரவையிடமிருந்தும் நேரடியாகவே பெற விரும்புகின்றன. அந்த அலுவலகங்களுக்கு நேரில் போய்க் கையொப்பம் வாங்க முடிகிற காலம் ஊரில் இருக்கும்வரைதான். பெட்டி கட்டுவதற்கு முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.